கல்லறை முதலில், கோயில் பிறகு

1. கர்நாக் வாசலில்

இருபத்தெட்டுப் பேர் இருக்கவேண்டும். மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் இருபத்தேழுதான் வந்தது.

லக்சரில் கர்நாக் கோயில் வாசல். மத்தியானம் இரண்டு மணி தாண்டிவிட்டது. தலைக்கு மேல் வெயில், கையில் லிஸ்ற். எங்கள் லோக்கல் கைட் மஹ்மூத் ரிக்கற் கட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, "உள்ளே போகலாமா மேடம்?" என்று இங்கிலிசில் கேட்கிறார். நான் நாலாம் தரம் எண்ணத் தொடங்குகிறேன்.

குறூப் எஸ்கோர்ட் என்றால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் சொல்வது. லண்டனில் எண்ணி ஏற்றின ஆட்களை லண்டனில் எண்ணி இறக்குகிற வேலை. கதை சொல்ல லோக்கல் கைட் இருக்கிறார், ஓட்ட ட்ரைவர் இருக்கிறார், சாப்பாட்டுக்கு ஹோட்டல் இருக்கிறது. எண்ணுறதுக்கு மட்டும் நான்.

வெஸ்ட் ஈலிங்கில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற சின்ன ட்ரவல்ஸில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். அதற்கு முதல் சூப்பர்மார்க்கெற்றில் காசு வாங்குகிற ரில்லில் இருந்தேன். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. புதிதாகக் குறூப் வேலைக்கு இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கினம். முதலாளி ரமேஷ் என்னிலும் பன்னிரண்டு வயது இளையவர். "அக்கா, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, அதுகள் வாசிக்கட்டும்" என்று கேட்டார். நல்லாய் நடந்த ரூர் எத்தனையோ இருக்கிறது, அதை வாசித்து ஒருவரும் ஒன்றும் படிக்கப்போவதில்லை. அதனால்தான் எகிப்துக்கு நான் முதல் தரம் குறூப் கூட்டிப்போன கதையை எழுதுகிறேன்.

2. கோச்சில் ஒரு கேள்வி

நான் பயந்த சுபாவம். அடுப்பை நிற்பாட்டினேனா என்று பஸ்ஸால் இறங்கித் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். இந்த வேலைக்கு அது நல்லதுதான் என்று ரமேஷ் சொல்வார். கோச்சில் ஏறும்போது ஒரு தரம், எல்லாரும் இருந்தபிறகு சீற்றைத் தொட்டுத் தொட்டு இன்னொரு தரம் எண்ணுவேன். "எங்களை ஆடு மாடு எண்டு நினைச்சிட்டாவோ" என்று சனம் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்தக் குறூப்பில் முக்கால்வாசி யாழ்ப்பாணத்து ஆட்கள். பென்சன் எடுத்தவர்கள்தான் அதிகம். அதில் ஒருவர் கனகரத்தினம் அண்ணை. எழுபத்திரண்டு வயது, நீரிழிவுக்காரர். தபால் பிரிக்கிற இடத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். பெண்சாதி செத்து ஏழு மாதம். வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று மகள் சுதாதான் காசு கட்டி அனுப்பினவ. ஏர்போட்டில் என் கையைப் பிடித்து, "அன்ரி, உங்களை நம்பித்தான் அப்பாவை விடுறன்" என்றா. அப்படி யாரும் சொன்னால் எனக்கு அன்றைக்கு நித்திரை வராது.

லக்சர் நாளன்று விடிய ஆறு மணிக்குக் கோச் எடுத்தோம். ஐட்டினரி, அதாவது நாள் திட்டம், எல்லாக் கொம்பனிக்கும் ஒன்றுதான். வெயில் ஏற முதல் ஆற்றுக்கு மேற்குப் பக்கத்தில் ராசாக்களின் கல்லறைகள், அதற்குப் பக்கத்தில் ஒரு மகாராணி கட்டின கோயில், சாப்பாடு, பிறகு வள்ளத்தில் நைல் ஆற்றைக் கடந்து கிழக்குப் பக்கம் கர்நாக் கோயில்.

நான் மைக்கில் இதை வாசித்து முடித்ததும் கனகரத்தினம் அண்ணை கையை உயர்த்தினார்.

"பிள்ளை, முதல் போறது செத்த ஆக்களின்ர இடமோ?"

"ஓம் அண்ணை, ராசாக்களின்ர கல்லறை."

"பேந்து கோயிலோ?"

"ஓம்."

"அதெப்பிடி? இடையில முழுகிறதுக்கு எங்கையும் விடுவீரோ?"

கோச் முழுக்கச் சிரிப்பு. மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண் பிலோமினா அக்கா முன்சீற்றில் இருந்து திரும்பினா. "அண்ணை, எங்கட ஆக்கள் எண்டால் சவக்காலைக்குப் போய்ப் பூவும் வைச்சு மெழுகுதிரியும் கொளுத்திப்போட்டு, அப்பிடியே பூசைக்குப் போயிருவம். நீங்களும் வேதத்துக்கு வாங்கோவன், தண்ணிச் செலவு மிச்சம்."

அவரும் சிரித்தார். ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வேண்டும் அவருக்கு.

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் என் வீட்டுப் படியைக்கூட நான் மிதிக்கமாட்டேன். அப்படிப்பட்ட நான் அந்த ஐட்டினரியைப் பத்துத் தரம் வாசித்திருக்கிறேன், எனக்கு இது மண்டையில் ஓடவில்லை. ஓடாததை ஒத்துக்கொள்ளவும் வெட்கம். குறூப்பில் எஞ்சினியர் இருக்கிறார், ரீச்சர் இருக்கிறார். ஒன்பதாம் வகுப்புக்காரி மைக்கைப் பிடித்துக்கொண்டு "தெரியாது" என்றால் என்ன நினைப்பார்கள்? முதல்நாள் மஹ்மூத் சொன்னதில் பாதி ஞாபகம் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டேன்.

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை அண்ணை. எல்லா ராசாக்களையும் எப்பவோ கெய்ரோவுக்குக் கொண்டுபோட்டாங்கள். வெறும் படம் கீறின அறைதான். முழுகிறதைப் பற்றிப் பேந்து பாப்பம்."

"அப்ப சரி," என்றார். நம்பிவிட்டார்.

3. கண்ணாடிக்குள் கால்

கல்லறைகள் இருக்கிற பள்ளத்தாக்கில் ஒரு புல்லும் இல்லை. வெறும் மஞ்சள் கல்லுமலை. சின்ன மின்சார வண்டியில் கொண்டுபோய் இறக்குவார்கள். ஒரு ரிக்கற்றுக்கு மூன்று கல்லறை பார்க்கலாம். உள்ளே கைட் கதைக்கக்கூடாது என்பது சட்டம், அதனால் மஹ்மூத் வெளியில் பலகையைக் காட்டி எல்லாம் விளங்கப்படுத்தினார். பிறகு மரப்பலகைச் சரிவில் இறங்கிப் போனோம். மேலே கூரை முழுக்கக் கடும் நீலம், அதில் மஞ்சள் நட்சத்திரம். நேற்றுப் பெயின்ற் அடித்தது மாதிரி. ஒரு பெண்தெய்வம் இரவில் சூரியனை விழுங்கி விடியப் பெறுகிறா என்று கீறியிருந்தது. எங்கள் சனம் செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தது. நான் கழற்றவேண்டாம் என்றேன்.

இளம் வயதில் செத்த ஒரு ராசாவின் கல்லறைக்குத் தனி ரிக்கற். எட்டுப் பேர் எடுத்தார்கள். கனகரத்தினம் அண்ணையும் எடுத்தார். நான் போகவில்லை. வெளியில் நிழலில் நின்ற இருபது பேரை எண்ணிக்கொண்டு நின்றேன்.

முதலில் வெளியே வந்தது பிலோமினா அக்கா.

"பாவமடி, சின்னப் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கறுத்துப்போய்க் கிடக்கு. உடம்பை மூடியிருக்கு, முகமும் காலும்தான் தெரியுது. நான் ஒரு செபம் சொல்லிப்போட்டு வந்தனான்."

எல்லா ராசாக்களையும் கொண்டுபோனவர்கள் இந்த ஒருவரை மட்டும் அங்கேயே விட்டிருக்கிறார்கள். மஹ்மூத் முதல்நாள் சொன்ன மற்றப் பாதி இதுதான்.

கனகரத்தினம் அண்ணை கடைசியாக வந்தார். போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றி முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் லிஸ்ற்றைப் பார்த்தேன்.

அடுத்தது மகாராணியின் கோயில். "முழங்கால் நோகுது பிள்ளை, நான் இதிலையே இருக்கிறன்," என்று கனகரத்தினம் அண்ணை கோச்சை விட்டு இறங்கவில்லை. அவரோடு இன்னும் ஆறேழு பேர், ஒருவருக்குத் தலையிடி, ஒருவருக்கு வெயில். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

4. வள்ளத்துறை

சாப்பிட்டு முடிந்து மோட்டர் வள்ளத்தில் ஆற்றைக் கடந்தோம். கோச் பாலத்தால் சுற்றி வந்து அந்தக் கரையில் நிற்கும். வள்ளத்தில் எண்ணினேன், இருபத்தெட்டு. இறங்கிப் படியால் ஏறும்போது ரமேஷ் போன் பண்ணினார்.

"அக்கா, அடுத்த மாசக் குறூப்புக்கு ரூமிங் லிஸ்ற் எங்க வைச்சனீங்கள்? ஹோட்டல்காரன் நெருப்பெடுக்கிறான்."

"கொம்பியூட்டருக்குப் பக்கத்தில பச்சை ஃபைல் தம்பி."

"பச்சை ஃபைல் மூண்டு கிடக்கு."

அந்த மூன்று ஃபைலையும் லக்சரில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகத் திறப்பித்தேன். அதற்குள் சனம் கோச்சில் ஏறிவிட்டது. கதைத்துக்கொண்டே நானும் ஏறினேன். ட்ரைவர் கதவைச் சாத்தினார். பதினொரு வருடத்தில் கோச்சில் எண்ணாமல் விட்டது அந்த ஒரு தரம்தான்.

பத்து நிமிடத்தில் கர்நாக். இருபத்தேழு.

ஆள் யாரென்று பெயர் கூப்பிட முதலே எனக்குத் தெரிந்துவிட்டது, கனகரத்தினம் அண்ணை. பக்கத்துச் சீற்றுக்காரர், "அவர் பின்னுக்குப் போய்ப் படுத்திட்டார் எண்டு நினைச்சன்," என்றார். அவருடைய சின்னத் தோள்பையும் இல்லை. போன் அடித்தோம். மணி போகிறது, எடுக்கிறாரில்லை.

"மேடம், நான் குழுவோடு நிற்கவேண்டும், ரிக்கற் என் பெயரில். ட்ரைவரோடு நீங்கள் திரும்பிப் போங்கள்," என்றார் மஹ்மூத். ட்ரைவருக்கு அரபியில் ஏதோ சொன்னார். ஐம்பது சீற் கோச்சில் நான் ஒருத்தி. ட்ரைவருக்கு இங்கிலிஸ் தெரியாது, எனக்கு அரபி தெரியாது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கையை இறக்கி இறக்கிக் காட்டினார், அமைதி, அமைதி என்று. நான் சீற் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். இருக்க முடியவில்லை.

அப்போது என் போன் அடித்தது. சுதா. லண்டனில் இருந்து. ஏற்கெனவே ஒரு வட்ஸ்அப்பும் வந்திருந்தது: 'அன்ரி, அப்பா போன் எடுக்கேல்லை. எல்லாம் ஓகேயா?'

நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? மனுசி போய் ஏழு மாதமான ஒரு மனிசன், ஒரு சொல் சொல்லாமல், ஒரு பெரிய ஆற்றங்கரையில் தனிய நின்றுவிட்டார். என் மனம் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய் வந்தது. முருகா, முருகா என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

துறையில் கோச் நிற்க முதலே குதித்து இறங்கினேன். படியால் ஓடினேன். ஆற்றோரம் கடைசிப் படியில் ஒரு சோடிச் செருப்பு. பிரவுண் நிறம், குதிக்கால் தேய்ந்தது. அதற்குமேல் ஒரு மூக்குக்கண்ணாடி மடித்து வைத்திருந்தது.

ஆளைக் காணவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கண்ணாடியை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போதும் தெரியாது. ட்ரைவர் எனக்குப் பின்னால் வந்து வள்ளக்காரர்களைக் கூப்பிட்டார். ஒரு பெடியன் சிரித்துக்கொண்டே மேலே கையைக் காட்டினான். படிக்கு மேலே, மரத்துக்குப் பின்னால், ஒரு சின்னத் தொழுகையிடம். அதன் பக்கச் சுவரில் வரிசையாகத் தண்ணீர்ப் பைப். பைப்புக்கு முன்னால் ஒரு சிமெந்துக் கட்டு.

அந்தக் கட்டில் கனகரத்தினம் அண்ணை இருந்தார். சாரம் கட்டி, தலை நனைந்து, தோளில் துவாய், கையில் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி. நெற்றியில் அப்போதுதான் பூசின திருநீறு, இன்னும் ஈரம் காயவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு வள்ளக்காரர்.

"என்ன பிள்ளை ஓடி வாறீர்? கோயிலைப் பூட்டிப்போட்டாங்களோ?"

நான் நிலத்தில் குந்திவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "அண்ணை… அண்ணை…" என்றேன்.

"ஏன் அழுறீர்? உம்மட்டச் சொல்லிப்போட்டுத்தானே போனனான்."

"என்னட்டையோ? எப்ப?"

"நீர் போனில கதைச்சுக்கொண்டு நிண்டனீர். துவாயைத் தூக்கிக் காட்டி, ஆத்தைக் காட்டி, 'ஒரு முழுக்குப் போட்டுட்டு ஓடி வாறன்' எண்டனான். நீர் தலையாட்டினீர்."

ஆட்டியிருப்பேன். மூன்றாவது பச்சை ஃபைலைத் திறக்கும்போது யாரோ எனக்கு முன்னால் வந்து நின்றது மங்கலாக ஞாபகம் வந்தது. ஓம் ஓம் என்று தலையாட்டினது ரமேஷுக்கா இவருக்கா என்று எனக்கே தெரியாது.

"ஆத்துக்குள்ள இறங்கினீங்களோ அண்ணை?"

"கால் வைக்கத்தான் இவங்கள் ரண்டு பேரும் பாய்ஞ்சு பிடிச்சிட்டாங்கள். இழுவை கூடவாம், வள்ளம் வாற இடமாம், கையால எல்லாம் காட்டினாங்கள். நான் தலையில தண்ணி ஊத்திற மாதிரிக் காட்டி, கும்பிட்டுக் காட்டினன். உடன விளங்கிட்டுது. தாங்கள் தொழ முதல் கை கால் கழுவுற பைப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்து, வாளியும் தந்து, இவர் தானே ரண்டு வாளி ஊத்தியும் விட்டவர். எங்கட கைட்டுக்கு விளங்காதது இவங்களுக்கு விளங்குது பாரும்."

செருப்பையும் கண்ணாடியையும் அவருடைய காலடியில் வைத்தேன். கண்ணாடியைத் துவாயில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை எண்டனீர் பிள்ளை. நான் குனிஞ்சு பாக்கிறன், ரண்டு கால். மனுசியின்ர கால்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில கடைசியாத் தொட்டது காலைத்தான். அதுக்குப் பிறகு முழுகாமல் ஒரு வாசலுக்கு முன்னால போய் நிக்க என்னால ஏலாது. அது பழைய கோயிலோ புதுக் கோயிலோ, எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாமல் சொல்லிப்போட்டன் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தெரியாது எண்டால் தெரியாது எண்டு சொல்லுறதுதானே. நான் ரிக்கற் எடுக்காமல் விட்டிருப்பன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது.

பையைத் திறந்து போனை எடுத்தார். பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி வைத்திருந்தார். பதினொரு மிஸ்ட் கோல். அந்த இடத்திலேயே சுதாவுக்கு எடுத்தார்.

"ஓம் மகள். இல்லை, முழுகிக்கொண்டிருந்தனான்… எங்கையோ? இஞ்ச ரோட்டில தான்… நல்ல தண்ணி, குளிரில்லை… ஓம், அன்ரி பக்கத்திலதான் நிக்கிறா. ஏனோ தெரியாது, அழுறா."

5. போத்தல் தண்ணீர்

திரும்பிக் கர்நாக் வந்தால், இருபத்தேழு பேரும் உள்ளே போய் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். பதினொரு பேர் வாசலிலேயே நின்றார்கள், மற்றவர்கள் கதவுக்குள் நிழலில் காத்துக்கொண்டிருந்தார்கள். மஹ்மூத் பாவம், வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

"மேடம், உங்கள் ஆட்களுக்கு என்ன பிரச்சினை? உள்ளே வரச் சொன்னால் ஒருவருக்கும் முழங்கால் சரியில்லையாம்."

காலையில் தலையிடி, வெயில் என்ற ஆறேழு பேரும் இதற்குள்தான் நின்றார்கள் என்று அப்போதுதான் கண்டேன். கோச்சில் சிரித்தவர்கள்தான் இவர்களும். சிரித்தபடியால் பிறகு கேட்க வெட்கம். எனக்கு என்ன வியாதியோ அதே வியாதி.

மஹ்மூத்திடம் உண்மையைச் சொன்னேன். செத்தவர் இருக்கிற இடத்துக்குப் போனால் எங்கள் ஆட்கள் முழுகாமல் கோயிலுக்குள் போகமாட்டார்கள் என்று. அந்த மனிசன் தலையில் கை வைத்தார்.

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே! இந்தக் கோயிலுக்குள் ஒரு ஏரி இருக்கிறது. பூசாரிமார் அதில் குளிக்காமல் சந்நிதிக்குப் போவதில்லை. அதைச் சொல்லத்தானே இவ்வளவு நேரமாக உங்களைக் கூப்பிடுகிறேன்."

இதைத் தமிழில் சொன்னதும் பதினொரு பேரின் முகமும் மலர்ந்தது. கனகரத்தினம் அண்ணை மட்டும், "பாத்தீரோ, அவங்களும் எங்கட ஆக்கள்தான்," என்றார்.

ஏரிக்குள் யாரையும் இறங்க விடமாட்டார்கள். கோச்சின் கீழ்ப் பெட்டியில் தண்ணீர்ப் போத்தல் மூன்று கட்டு இருந்தது. கோச்சுக்குப் பின்னால் வரிசையாக நின்று காலைக் கழுவி, தலையில் ஊற்றினார்கள். முழுக ஏலாதவர்கள் தெளித்தார்கள். பிலோமினா அக்கா உள்ளேயிருந்து வந்து போத்தலைத் திறந்து திறந்து கொடுத்தா. "ஞானஸ்நானம் குடுக்கிற மாதிரிக் கிடக்கு. ஆரும் பேர் மாத்தவேணும் எண்டால் இப்பவே சொல்லுங்கோ," என்றா. ரூறிஸ்ற் பொலிஸ்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மஹ்மூத் ஏதோ சொல்ல, தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் நான் ஒவ்வொருவரையும் தோளில் தொட்டு எண்ணினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு. அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவில் ஈரத் தலையோடு எங்கள் சனம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போனது. கனகரத்தினம் அண்ணை ஒரு தூணில் கை வைத்து நின்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குக் கல்லு, படம் ஒன்றும் தெரியவில்லை. விடிய ஆறு மணிக்குப் பிறகு முதல் தரம் மூச்சு முழுதாக வந்து போனது, அது மட்டும்தான் தெரிந்தது.

6. வெஸ்ட் ஈலிங்கில்

திங்கட்கிழமை ஒஃபிசில் ரமேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மறைக்கவில்லை. எண்ணாமல் விட்டதை, தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னதை. வேலை போகும் என்றுதான் நினைத்தேன். பச்சை ஃபைல் தன்னுடைய பிழையும்தான் என்று அவர் நினைத்திருக்கவேண்டும், ஏசவில்லை.

"ஐட்டினரியை மாத்துவம் தம்பி. விடிய முதல் வேலையாக் கர்நாக். பிறகு கல்லறை. அதோட நேரே ஹோட்டல்."

"மத்தியான வெயிலுக்குக் கல்லறையோ அக்கா? சனம் அவிஞ்சுபோகும். ஒரு கொம்பனியும் அப்பிடிச் செய்யிறேல்லை."

"மற்றக் கொம்பனியில எங்கட ஆக்கள் போறேல்லை. தொப்பியும் தண்ணியும் குடுப்பம். வெயிலைத் தாங்குவினம், முழுகாமல் கோயிலுக்குப் போறதைத் தாங்கமாட்டினம்."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். எங்கள் எகிப்து ரூர் இப்போதும் அப்படித்தான் போகிறது.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போன் அடித்தால் அடிக்கட்டும், கோச்சில் எண்ணி முடியும்வரை எடுக்காதேயுங்கோ. போனில் கதைக்கும்போது ஒருவருக்கும் தலையாட்டாதேயுங்கோ. ஒருவர் கேள்வி கேட்டு மற்றவர்கள் சிரித்தால், சிரித்தவர்களுக்கும் அதே கேள்வி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

நான் இப்போதும் பயந்த ஆள்தான், அது மாறாது. ஒன்றுதான் மாறியது. மைக்கில் ஒரு கேள்வி வந்து பதில் எனக்குத் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்லுறன்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று தரம் முகம் சுட்டது. அப்படிச் சொல்லி நான் இதுவரை ஒருத்தரையும் தொலைக்கவில்லை.